வெற்றிலை வாயும் ஆய்வுக்கூடமும்: புற்றுநோய்க்குப் புதிய இலக்கு தேடும் கூட்டு முயற்சி

சுபாங் ஜெயாவில் உள்ள புற்றுநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில், கடுங்குளிரில் உறைய வைக்கப்பட்ட சிறுசிறு குப்பிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருப்பவை வாய்ப்புற்றுநோய் உயிரணுக்கள். மலேசிய நோயாளிகளின் வாயிலிருந்து அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளில் ஒரு துணுக்கை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, தலைமுறை தலைமுறையாகப் பெருக வைத்தவை. அந்தத் துணுக்கைத் தர ஒப்புக்கொண்டவர்களில் ஆண்டுக்கணக்கில் வெற்றிலை பாக்கு போட்டவர்களும் உண்டு.

அந்த உயிரணுக்கள்தாம் இன்று மலேசிய ஆய்வாளர்களையும் இங்கிலாந்து ஆய்வாளர்களையும் ஒரே மேசைக்குக் கொண்டு வந்திருக்கின்றன. வாய்ப்புற்றுநோயைக் குறிபார்த்துத் தாக்கும் புதிய மருந்துக்கு எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்று அவர்கள் தேடுகிறார்கள். இந்தத் தேடல் யாருக்கு முக்கியமோ இல்லையோ, இந்நாட்டின் இந்திய சமூகத்துக்கு மிக முக்கியம்.

ஏழு விழுக்காட்டினரின் பெரிய சுமை

மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் சுமார் 7 விழுக்காட்டினர் மட்டுமே. ஆனால் வாய்ப்புற்றுநோய் என்று வரும்போது இந்தச் சிறிய சமூகம் தன் எண்ணிக்கைக்கு மீறிய சுமையைச் சுமக்கிறது. இது புதிய செய்தியல்ல. 1993, 1994ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் வாயைப் பரிசோதித்து ஒரு தேசிய ஆய்வு நடத்தப்பட்டது. புற்றுநோயாக மாறக்கூடிய முன்னறிகுறிகள் இந்தியர்களிடையே 4 விழுக்காட்டினருக்கு இருந்தன. சீனர்களிடையே அது அரை விழுக்காடுதான். சபா, சரவாக் பூர்வகுடியினரிடையே 2.5 விழுக்காடு. அவர்களிடமும் வெற்றிலை பாக்குப் பழக்கம் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்.

காரணம் இரத்தத்தில் இல்லை, வெற்றிலைப் பையில் இருக்கிறது. பால்மரத் தோட்டங்களில் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பியவர்களுக்கு வெற்றிலை பாக்கு பசியை மறக்கவும் அலுப்பைத் தள்ளவும் துணையாக இருந்தது. கூடவே புகையிலையும் சேர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபோது பழக்கமும் சிலரோடு கூடவே வந்தது. இப்போது அது வண்ணப் பொட்டலத்தில் பான் மசாலாவாகவும் கிடைக்கிறது.

"புகையிலை சேர்க்காமல் போட்டால் ஒன்றும் ஆகாது" என்ற பேச்சு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது தவறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 2004இல் வெளியிட்ட தொகுப்பில், பாக்கு தனியாகவே மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. அதாவது, புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கும் அதே முதல் பிரிவில் பாக்கும் இருக்கிறது.

லாலாங் புல்லும் மருந்தடிப்பும்

மருந்துக்கான 'இலக்கு' என்றால் என்ன? தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க லாலாங் புல் போதும். மேலே எத்தனை முறை வெட்டினாலும் லாலாங் மீண்டும் முளைக்கும். அதன் உயிர் மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கில் இருக்கிறது. வயல் முழுக்க மருந்தடித்தால் புல் கருகும். பக்கத்தில் நிற்கும் இளங்கன்றும் சேர்ந்து கருகும். கீமோதெரபி எனப்படும் சிகிச்சை பெரும்பாலும் இந்த மருந்தடிப்பைப் போன்றது. வேகமாகப் பெருகும் உயிரணு எதுவானாலும் அதைத் தாக்கும். முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான்.

இலக்கு தேடும் ஆய்வு வேறு கேள்வியைக் கேட்கிறது. புற்றுநோய் உயிரணு உயிர்வாழ எந்த மரபணுவை நம்பியிருக்கிறது? அதை முடக்கினால் புற்றுநோய் சாக வேண்டும். நல்ல உயிரணு பிழைக்க வேண்டும். அப்படியொரு மரபணு கிடைத்தால் அதுதான் இலக்கு.

மார்பகப் புற்றுநோயில் இப்படிப்பட்ட இலக்குகள் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனால்தான் 'ஹெர்2' பரிசோதனை, ஹார்மோன் மாத்திரை என்ற சொற்கள் பல குடும்பங்களுக்குப் பழகிவிட்டன. வாய்ப்புற்றுநோய்க்கு அந்த வசதி இல்லை. தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கு அமெரிக்காவில் 2006இல் அனுமதிக்கப்பட்ட செடுக்சிமாப் என்ற மருந்தே இலக்கு நோக்கிய சிகிச்சையாக நெடுங்காலம் நின்றது. பிறகு 2016இல் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்ற இரண்டு மருந்துகள் வந்தன. இவை சிலருக்கு நன்றாக வேலை செய்கின்றன; பெரும்பாலோருக்குப் பலன் கிட்டுவதில்லை. ஒரு தவணைக்கே ஆயிரக்கணக்கான ரிங்கிட் கேட்கும் மருந்துகள் இவை.

அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சுமே இன்றும் முக்கிய சிகிச்சை. நோய் முற்றிய நிலையில் தாடையின் ஒரு பகுதியையோ நாக்கின் ஒரு பகுதியையோ இழந்து, பேச்சும் உணவும் தடுமாறி வாழ வேண்டியிருக்கிறது. புதிய இலக்கு வேண்டும் என்ற தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

ஏன் கூட்டாகச் செய்ய வேண்டும்?

மனித உடலில் சுமார் 20 ஆயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் முடக்கிப் பார்த்து, எது போனால் புற்றுநோய் உயிரணு சாகிறது என்று அறிய வேண்டும். முன்பு இது நடக்காத காரியம். 'கிரிஸ்பர்' என்ற மரபணு வெட்டும் முறை வந்த பிறகு நிலைமை மாறியது. இந்த முறையைக் கண்டறிந்த இம்மானுவேல் ஷார்பெந்தியே, ஜெனிஃபர் டவுட்னா ஆகிய இருவருக்கும் 2020இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள வெல்கம் சாங்கர் ஆய்வு நிலையமும் அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிலையமும் இந்த முறையைக் கொண்டு புற்றுநோய்களின் பலவீனங்களுக்கு ஒரு வரைபடம் தயாரித்து வருகின்றன. 2019இல் சாங்கர் குழுவினர் 30 வகைப் புற்றுநோய்களைச் சேர்ந்த 324 உயிரணு வரிசைகளைச் சோதித்து, மருந்துக்கு முன்னுரிமை தரத்தக்க சுமார் 600 மரபணுக்களைப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலில் 'டபிள்யூ.ஆர்.என்.' என்ற மரபணு முன்னணியில் இருந்தது. குறிப்பிட்ட வகைக் குடல், கருப்பைப் புற்றுநோய்கள் இதை நம்பியே வாழ்கின்றன என்று இரு நிலையங்களும் தனித்தனியே கண்டன. சில ஆண்டுகளிலேயே அதை முடக்கும் மருந்துகள் மனிதர்களிடம் சோதனைக்கு வந்துவிட்டன. முடிவுகளை மூடி வைக்காமல் உலகுக்குத் திறந்து வைத்ததன் பலன் இது.

ஆனால் அந்த வரைபடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. உலகில் மரபணு ஆய்வுக்குப் பயன்படும் மாதிரிகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. மேலை நாடுகளில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் சிகரெட்டும் மதுவும் எச்.பி.வி. கிருமியும் காரணம். பாக்கு மென்று வந்த கன்னப் புற்றுநோய் அங்கே அரிது. அரிதான நோய்க்கு மாதிரி கிடைக்காது. மாதிரி இல்லாவிட்டால் வரைபடத்தில் இடம் கிடைக்காது. வரைபடத்தில் இல்லாத நோய்க்கு மருந்து செய்ய எந்த நிறுவனமும் முன்வராது.

இந்தச் சங்கிலியை உடைக்கத்தான் கூட்டு ஆய்வு தேவைப்படுகிறது. கருவியும் கணினித் திறனும் ஒரு பக்கம் இருக்கின்றன. நோயாளிகளும் மாதிரிகளும் மருத்துவ அனுபவமும் மறுபக்கம் இருக்கின்றன. 2001இல் தொடங்கப்பட்ட 'கேன்சர் ரிசர்ச் மலேசியா' என்ற இலாப நோக்கற்ற ஆய்வு அமைப்பு, மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாய்ப்புற்றுநோய் ஆய்வாளர்களோடும் அரசாங்க மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நிபுணர்களோடும் சேர்ந்து மலேசிய நோயாளிகளின் உயிரணு வரிசைகளை உருவாக்கியது. இந்த அமைப்பில் தலை, கழுத்துப் புற்றுநோய் ஆய்வுக்குத் தலைமை தாங்குபவர் பேராசிரியர் சியோங் சோக் சிங்.

21 உயிரணு வரிசைகள் சொன்ன சேதி

2020இல் 'இலைஃப்' என்ற ஆய்விதழில் இந்தக் கூட்டணியின் முடிவு வெளிவந்தது. பெரும்பாலும் ஆசியர்களிடமிருந்து பெறப்பட்ட 21 வாய்ப்புற்றுநோய் உயிரணு வரிசைகளில், கிரிஸ்பர் முறையால் மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தார்கள். கிடைத்த சேதிகளில் இரண்டு முக்கியமானவை.

முதலாவது, ஒரு பொதுவான நம்பிக்கையை அது கலைத்தது. கட்டியில் ஒரு மரபணு பழுதடைந்திருந்தால் அதையே இலக்காக வைக்கலாம் என்று பலர் எண்ணியிருந்தனர். ஆனால் வாய்ப்புற்றுநோயோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட பல மரபணுக்களை முடக்கியபோதும் உயிரணுக்கள் சாகவில்லை. பழுது இருப்பது வேறு, அதை நம்பி வாழ்வது வேறு. தவறான இலக்கின் பின்னால் பல ஆண்டுகளையும் பல மில்லியன் ரிங்கிட்டையும் செலவழிக்காமல் தடுப்பதும் ஓர் ஆய்வின் பயன்தான்.

இரண்டாவது சேதி, உறுப்புகள் அளவோடு வளரக் கட்டுப்பாடு போடும் 'ஹிப்போ' என்ற வழித்தடத்தைப் பற்றியது. அதில் ஒய்.ஏ.பி.1, டபிள்யூ.டபிள்யூ.டி.ஆர்.1 என்று உடன்பிறப்புப் போன்ற இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. ஒரு மண்டோர் வேலைக்கு வராத நாளில் இன்னொரு மண்டோர் அவர் பொறுப்பையும் சேர்த்துப் பார்ப்பது போல, சில உயிரணு வரிசைகளில் ஒன்று முடங்கினால் மற்றொன்று ஈடுகட்டுகிறது. வேறு சில வரிசைகளில் அப்படி ஈடுகட்ட முடியவில்லை. ஒன்று போனாலே உயிரணு தளர்ந்துவிடுகிறது. யாருடைய கட்டி எந்த வகை என்று முன்கூட்டியே தெரிந்தால், யாருக்கு எந்த மருந்து என்று பிரிக்க வழி பிறக்கும். இரண்டாவது மரபணுவை நம்பியிருக்கும் கட்டிகளில், நோய் எதிர்ப்பு மருந்துக்கு நன்றாக இணங்கக்கூடிய அடையாளங்களும் காணப்பட்டன.

இதோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, தலை, கழுத்துப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படும் இரண்டு புரதங்களைக் குறிவைத்து ஒரு டி.என்.ஏ. தடுப்பு மருந்தையும் உருவாக்கினார்கள். நோய் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது எலிகளில் அதன் பலன் கூடியது. இந்த முடிவு 2021இல் வெளியானது.

இந்தியாவிலும் இதே திசையில் வேலை நடந்திருக்கிறது. அனைத்துலகப் புற்றுநோய் மரபணுத் தொகுதிக் கூட்டமைப்பில் இந்தியா தனக்கென்று எடுத்துக்கொண்டது கன்னம், ஈறு சார்ந்த வாய்ப்புற்றுநோயைத்தான். மும்பை, கல்யாணி ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவில், இவ்வகைப் புற்றுநோயில் முன்பு அறியப்படாத சில மரபணு மாற்றங்களைக் காட்டினார்கள். வெற்றிலைப் பழக்கம் இருக்கும் நாடுகளே முன்வந்து தங்கள் நோயைப் படிக்கத் தொடங்கியதற்கு இது இன்னொரு சாட்சி.

மார்பகப் புற்றுநோயிலும் பாடம் இதுவே. 560 மலேசியப் பெண்களின் கட்டிகளைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆராய்ந்த முடிவு 2020இல் வெளிவந்தது. மேலைநாட்டுப் பெண்களோடு ஒப்பிட, ஹெர்2 வகை இங்கே அதிகம். கட்டிக்குள் நோய் எதிர்ப்பு உயிரணுக்களின் நடமாட்டமும் அதிகம். அங்கே செய்த மருந்து இங்கே அப்படியே பொருந்தும் என்று கண்மூடி நம்ப முடியாது என்பதே இதன் பொருள்.

கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும்?

இங்குதான் சமூகம் கேட்க வேண்டிய கேள்விகள் தொடங்குகின்றன. முதல் கேள்வி சம்மதம் பற்றியது. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் புற்றுநோயால் இறந்தார். புகையிலைத் தோட்டத்தில் உழைத்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் வளர்கின்றன. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்த உயிரணுக்களால் இலாபம் பார்த்த ஒரு நிறுவனத்தோடு அவர் குடும்பம் உடன்பாடு கண்டது 2023இல்தான்.

இன்றைய விதிகள் வேறு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் எழுத்துபூர்வச் சம்மதமும் இல்லாமல் ஆய்வுக்கு மாதிரி எடுக்க முடியாது. ஆனாலும் படிவத்தில் கையொப்பம் இருப்பதும், போட்டவருக்கு விஷயம் புரிந்திருப்பதும் ஒன்றல்ல. தோட்டப்புறத்திலிருந்து வரும் ஒரு மூதாட்டிக்கு அவர் மொழியில், அவர் கேள்வி கேட்கும் அளவுக்குப் பொறுமையாக விளக்க ஆள் வேண்டும். மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் தாதியர், தன்னார்வலர், பொது இயக்கங்கள் உதவக்கூடிய இடம் இது.

இரண்டாவது கேள்வி விலை. மலேசிய உயிரணுக்களிலிருந்து ஓர் இலக்கு கிடைத்து, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அதை மருந்தாக்கி, இங்குள்ள நோயாளி வாங்க முடியாத விலைக்கு விற்றால் அந்தக் கூட்டு முயற்சியின் அர்த்தம் என்ன? இதற்கு நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. கல்லீரல் அழற்சி 'சி' நோய்க்கான சோபோஸ்புவிர் மருந்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்தபோது, 2017இல் மலேசிய அரசாங்கம் காப்புரிமையை மீறி மலிவு மருந்தைப் பெற வழிசெய்யும் உரிமத்தைப் பயன்படுத்தியது. அடுத்து சுகாதார அமைச்சு, இலாப நோக்கற்ற அனைத்துலக மருந்து ஆய்வு அமைப்பு, எகிப்திய மருந்து நிறுவனம், உள்நாட்டின் பார்மாநியாகா ஆகியவை கைகோத்து ரவிடாஸ்விர் என்ற மருந்தை மலேசியாவிலும் தாய்லாந்திலும் சோதித்தன. சுமார் 300 நோயாளிகளில் 97 விழுக்காட்டினர் குணமடைந்தனர். 2021இல் மலேசியா அதைப் பதிவு செய்தது. கட்டுப்படியாகும் விலை என்பது முதல் நாளிலேயே அந்த ஒத்துழைப்பின் நோக்கமாக இருந்தது. புற்றுநோய் மருந்து தொற்றுநோய் மருந்தைவிடச் சிக்கலானது என்பது உண்மை. ஆனால் விலை பற்றிய பேச்சை மருந்து வந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

மருந்து வரும்வரை

மூன்றாவது கேள்வி காலம் பற்றியது. ஆய்வுக்கூடத்தில் இலக்கு கிடைத்தாலும் அது மருந்தாகி மருந்தகத்துக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். மனிதர்களிடம் சோதனைக்கு வரும் மருந்துகளில் பத்தில் ஒன்பது இடையிலேயே தோற்கின்றன. தட்டில் வளரும் உயிரணு ஒரு முழு மனிதர் அல்ல. ஆகவே "புதிய மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று புலனத்தில் பரவும் செய்திகளை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

அதுவரை கையில் இருக்கும் சிறந்த ஆயுதம் ஒரு கண்ணாடியும் ஒரு விளக்கும்தான். வாய்ப்புற்றுநோய் கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் வருவது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், நாளுக்கு நாள் வாய் திறப்பது குறைதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. வலி இல்லாததால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வலி வந்து மருத்துவமனைக்குப் போகும்போது நோய் முற்றியிருக்கிறது.

அரசாங்கப் பல் கிளினிக்குகளில் சிறு கட்டணத்தில் வாயைப் பரிசோதித்துக்கொள்ளலாம். சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுக்கள் தோட்டப்புறங்கள் உட்பட ஆபத்து அதிகமுள்ள இடங்களுக்கு நேரில் சென்றும் பரிசோதிக்கின்றன. இலக்கு தேடும் அதே ஆய்வாளர்கள் 'மெமோசா' என்ற கைப்பேசிச் செயலியையும் உருவாக்கியிருக்கிறார்கள். கிராமத்திலோ தோட்டத்திலோ எடுத்த வாயின் படத்தைத் தொலைவில் இருக்கும் நிபுணர் பார்த்து, யாரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்ல அது உதவுகிறது. கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, மகளிர் பிரிவுக் கூட்டம் என்று ஆள் கூடும் இடங்களில் இரத்த அழுத்தம் பார்ப்பதோடு வாயையும் பார்க்க ஏற்பாடு செய்தால் பெரிய செலவில்லை.

ஆய்வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நோய் முற்றிய பிறகே மக்கள் வந்தால், முற்றிய கட்டிகளின் மாதிரி மட்டுமே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும். முன்னறிகுறி புற்றுநோயாக மாறுவதைத் தடுக்கும் மருந்துக்கு இலக்கு தேட, தொடக்க நிலையில் இருப்பவர்கள் வர வேண்டும். முன்கூட்டியே வருபவர் தன் உயிரைக் காத்துக்கொள்கிறார். விரும்பிச் சம்மதித்தால் அடுத்த தலைமுறையின் மருந்துக்கும் வழி திறக்கிறார்.

நாட்டின் இரப்பரை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர்களின் வாரிசுகளுக்கு, கொடுப்பது புதிதல்ல. கொடுத்ததற்கு ஈடாக என்ன திரும்பி வந்தது என்ற கேள்விதான் பழைய காயம். சுபாங் ஜெயாவின் உறைபெட்டியில் இருக்கும் அந்தச் சிறு குப்பிகள் விஷயத்தில் அந்தக் கேள்வியை இப்போதே கேட்கலாம். கேட்பதற்கு முன், வீட்டில் வெற்றிலைப் பையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியை ஒருமுறை வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது.